சூரைக் கூட்டம் கண்ணெதிரே கொதிக்கிறது, லூரை, அதாவது போலி இரையைத் தொடவே இல்லை. எங்கே தவறு?

எர்ணாவூர்_ராட்:

வணக்கம் நண்பர்களே. போன ஞாயிறு நடந்ததைச் சொல்லி வழி கேட்கத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் நான்கு பேர் எண்ணூர் நெட்டுக்குப்பத்திலிருந்து ஒரு ஃபைபர் போட்டில் விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினோம். முகத்துவாரம் தாண்டி, நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களையும் தாண்டி, தண்ணீர் பச்சையிலிருந்து நீலமாக மாறுகிற இடம் வரை போனோம். வெளிநாட்டில் அல்பகோர் என்ற சூரை (டூனா) இனத்தைப் பிடிக்கும் வீடியோக்களை இரண்டு மாதமாகப் பார்த்துத்தான் தயாரானேன். 18 சென்டிமீட்டர் டைவிங் லூர் (இழுத்தால் தண்ணீருக்குள் முங்கி ஓடுவது) இரண்டு, குஞ்சம் வைத்த பெரிய லூர் இரண்டு, ஆக நாலு லைன். எட்டு நாட் (மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர்) வேகத்தில் இழுத்தோம்.

ஆறரை மணிக்கு முதல் கூட்டம் கண்ணில் பட்டது. மேலே ஆலாப் பறவைகள் விழுந்து விழுந்து எழுகின்றன, கீழே தண்ணீர் உலை மாதிரி கொதிக்கிறது. நேராகப் போட்டை அதற்குள் விடச் சொன்னேன். நாங்கள் உள்ளே போனதும் ஒன்றுமே இல்லை, மொத்தமும் அடியில் போய்விட்டது. கால் மணி நேரம் கழித்து அரை மைல் தள்ளி மறுபடி எழுந்தது. மறுபடி துரத்தினோம். இப்படி நாலு கூட்டம். ஒரு லைனிலும் அடி இல்லை.

போட் ஓட்டிய அண்ணன் மட்டும் கடைசியில் தன் கைத்தூண்டிலை விட்டார். வெள்ளைச் சேவல் இறகு கட்டிய சின்ன முள், அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் இரண்டு கிலோவுக்கு ஒரு சூரை. என் லூரில் ஒன்றின் விலைக்கு அவர் நூறு முள் வாங்கலாம். பெட்டியை எடுத்து வைக்கும்போது லூரிலிருந்த மூன்று முனை முள் நண்பரின் உள்ளங்கையில் ஏறியது வேறு. கரைக்கு வந்து ஆஸ்பத்திரியில்தான் எடுத்தார்கள்.

என்ன தப்பு செய்தேன்? வேகமா, நிறமா, லூரா?

மணலி_மீன்காரன்:

ப்ரோ, எனக்கும் இதேதான் இரண்டு தடவை நடந்தது. பதிலுக்குக் காத்திருக்கிறேன். கை எப்படி இருக்கிறது அவருக்கு?

எர்ணாவூர்_ராட்:

மூன்று தையல். இப்போது பரவாயில்லை.

நடுக்கடல்_பெரியவர்:

தம்பி, நான் காசிமேட்டுக்காரன். முப்பத்தைந்து வருடம் கடலுக்குப் போனவன், இப்போது பையன்கள் போகிறார்கள். உங்கள் கதையிலேயே பதில் இருக்கிறது. கூட்டத்துக்குள் போட்டை விட்டீர்கள் பாருங்கள், முதல் தப்பு அதுதான்.

சூரை எழுந்து மேய்கிறது என்றால் கீழே நெத்திலியையோ கவலை மீனையோ பந்து மாதிரி சுருட்டி மேலே தள்ளியிருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் அந்தப் பந்துக்குள் போட்டை விட்டால் இரை சிதறும், சூரை அடியில் இறங்கும். உங்களுக்கு மட்டும் இல்லை, பக்கத்தில் இருக்கிற எல்லாருக்கும் அன்றைய கூட்டம் போச்சு. எங்கள் ஆட்கள் யாராவது அங்கே இருந்திருந்தால் சத்தம் போட்டிருப்பார்கள், அது நியாயமும்கூட.

ஆலாவைப் பாருங்கள். பத்துப் பறவை ஒரே இடத்தில் விழுந்தால் அங்கே மேய்கிறது. வரிசையாக ஒரே திசையில் பறந்துகொண்டு அங்கங்கே விழுந்தால் கூட்டம் நகர்கிறது. அது போகிற திசையைப் பார்த்து, சுற்றி வளைந்து முன்னால் போங்கள். அப்புறம் கூட்டத்தின் ஓரத்தை உரசுகிற மாதிரி லைன் மட்டும் கடக்க வேண்டும், போட் கடக்கக் கூடாது. இரண்டு போட் நீளத்துக்கு விலகி நின்றாலே போதும். நீரோட்டம் தெண்டியா (தெற்கிலிருந்து வருவது) வண்ணியா (வடக்கிலிருந்து வருவது) என்று கிளம்பும்போதே பார்த்து வைத்துக்கொண்டால், கூட்டம் முழுகினால்கூட அடுத்து எங்கே எழும் என்று ஓரளவு கணக்குப் போடலாம்.

சேவல் இறகு உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கிறது. எங்கள் அப்பா காலத்தில் நைலான் கயிற்றைப் பிரித்து, வெள்ளை நாராகச் சீவி முள்ளில் கட்டுவோம். கட்டுமரத்திலிருந்தே அதில் பிடித்திருக்கிறோம்.

ராயபுரம்_டூ_ஓரிகன்:

பெரியவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் ராயபுரத்தில் பிறந்தவன், இப்போது அமெரிக்க மேற்குக் கரையில் இருக்கிறேன். ஒவ்வொரு கோடையிலும் அல்பகோருக்குப் போகிறவன். அதனால் அந்த வீடியோக்கள் சொல்லாத ஒரு விஷயத்தைச் சொல்கிறேன்.

அல்பகோர் குளிர்ந்த தண்ணீரின் மீன். இங்கே ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை, மேற்பரப்பு 15 முதல் 18 டிகிரி செல்சியஸ் இருக்கும் நீலத் தண்ணீரைத் தேடிக் கரையிலிருந்து 30 மைலுக்கு மேல் போவோம். கிடைப்பது பெரும்பாலும் இளம் மீன்கள், 5 முதல் 15 கிலோ. சென்னைக் கடலின் மேற்பரப்பு 26 முதல் 30 டிகிரி. ஆகவே அங்கே மேலே கொதிக்கிற கூட்டத்தில் அல்பகோரை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் முறை எல்லாம் பொருந்தும், அளவைத்தான் மாற்ற வேண்டும்.

இங்கே ட்ரோலிங் வேகம், அதாவது போட்டை ஓட்டிக்கொண்டே லூரை இழுக்கும் வேகம், 6 முதல் 7 நாட். டைவிங் லூர் போட்டால் இன்னும் குறைப்போம், 5 முதல் 6. எட்டில் இழுத்தால் நிறைய டைவிங் லூர் நேராக ஓடாது, பக்கவாட்டில் சாய்ந்து மேலே துள்ளும். போட்டின் பின்னால் உங்கள் லூர் தண்ணீருக்கு வெளியே பறந்ததா, நினைவிருக்கிறதா?

அடுத்தது தூரம். அல்பகோருக்கு போட் பயம் கிடையாது. புரொப்பெல்லர் கிளப்பும் வெள்ளை நுரைக்குள்ளேயே, பத்துப் பதினைந்து மீட்டரில் வந்து அடிக்கும். அதனால் ஒரு லைனை எப்போதும் கிட்டத்தில் விடுவோம், மற்றவை 25, 40 மீட்டர் என்று தள்ளி. இங்கேயும் பழைய ஆட்கள் இறகு லூரில்தான் பிடித்தார்கள், இன்றும் பிடிக்கிறார்கள். இன்னொன்று தேவதாரு மரத்தில் கடைந்த, தலையில் ஈயம் வைத்த சாதாரணக் கட்டை லூர். பார்த்தால் வாங்கத் தோன்றாது. ஆனால் கோணல்மாணலாக நீந்துகிற அதன் ஓட்டத்துக்கு மீன் ஓடி வரும்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். ஒரு லைனில் அடி விழுந்ததும் போட்டை நிறுத்தாதீர்கள். ஐந்து பத்து வினாடி அதே வேகத்தில் ஓடவிடுங்கள். சூரை தனியாக வராது, கூடவே வந்தவை மற்ற லூர்களை அடிக்கும். நின்ற பிறகு மாட்டிய மீனைத் தொடர்ந்து அதன் கூட்டமும் போட்டுக்குப் பக்கத்தில் வரும். ஒருவர் மீனை இழுக்க, இன்னொருவர் உடனே ஜிக்கையோ (கனமான உலோக லூர்) ரப்பர் மீனையோ கீழே விட வேண்டும். எங்களுக்குப் பெட்டி நிறைவது பெரும்பாலும் இந்த இரண்டாவது ஆட்டத்தில்தான். ட்ரோலிங் என்பது கூட்டத்தைக் கண்டுபிடிக்கிற வேலை மட்டும்.

எர்ணாவூர்_ராட்:

ஆமாம் அண்ணா, பறந்தது! நான் அது நல்லது, மீன் கவனிக்கும் என்று நினைத்தேன்.

பொன்னேரி_மீனியல்:

நான் பொன்னேரி மீன்வளக் கல்லூரியில் படித்தவள். போட் அண்ணன் பிடித்த மீனின் வயிற்றில், முன்பக்கத் துடுப்புக்குக் கீழே கறுப்புப் புள்ளிகள் இருந்தனவா? முதுகில் பின்பாதியில் அலை அலையாகக் கோடு?

எர்ணாவூர்_ராட்:

இருந்தது மேடம். மூன்று புள்ளி. படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

பொன்னேரி_மீனியல்:

அப்படியென்றால் அது நம் சாதாரணச் சூரைதான், உலகம் கவாகவா என்று சொல்லும் இனம். கரைக்கு ஓரளவு கிட்டத்தில் வாழும் மீன். பொதுவாக 60 சென்டிமீட்டர் வரை பார்க்கலாம், ஒரு மீட்டரை எட்டுபவையும் உண்டு. எலிச் சூரைக்கு வயிற்றில் இந்தப் புள்ளி இருக்காது, இரண்டு முதுகுத் துடுப்புகளும் ஒன்றுக்கொன்று நன்றாகத் தள்ளி இருக்கும். வரிச் சூரைக்கு வயிற்றில் நாலு முதல் ஆறு நீளக் கோடுகள். மஞ்சள் துடுப்புச் சூரை, அதாவது கேரை, ஆழம் கூடிய இடத்து மீன். வளர்ந்தால் இரண்டாம் முதுகுத் துடுப்பு அரிவாள் மாதிரி நீளும்.

அல்பகோரை அடையாளம் காண முன்பக்கத் துடுப்பைப் பாருங்கள். இரண்டாம் முதுகுத் துடுப்பையும் தாண்டிப் போகும் நீளம், வாலின் ஓரத்தில் மெல்லிய வெள்ளை விளிம்பு. கறி வெளிர் நிறம். அமெரிக்காவில் டின்னில் 'வெள்ளைச் சூரை' என்று அச்சிட இந்த ஒரு இனத்துக்கு மட்டும்தான் அனுமதி. இளம் கேரைக்கும் துடுப்பு கொஞ்சம் நீளமாகத் தெரியும், குழம்ப வேண்டாம்.

சரி, ஒரு கேள்வி. அந்த மீனைக் கழுவும்போது வயிற்றைத் திறந்து பார்த்தீர்களா?

எர்ணாவூர்_ராட்:

மீன் போட் அண்ணனிடம்தான் இருந்தது. இன்று அவரைப் பார்த்துக் கேட்டேன். வயிறு நிறைய நெத்திலியாம், எல்லாம் சுண்டு விரல் நீளம். முழுசாக இருந்ததை மட்டும் எண்ணினாலே முப்பதுக்கு மேல் என்றார்.

பொன்னேரி_மீனியல்:

சுண்டு விரல் நெத்திலி தின்கிற மீனிடம் 18 சென்டிமீட்டர் லூரைக் காட்டியிருக்கிறீர்கள். சிறு இரையில் கூட்டமாக மேயும்போது சூரை வேறு அளவைத் திரும்பிப் பார்ப்பது அரிது. நிறத்தை நாலாவதாக யோசியுங்கள். முதலில் அளவு, அப்புறம் ஆழம், அப்புறம் வேகம். இறகு முள் ஏன் ஜெயித்தது என்றால் நனைந்ததும் அது சுருங்கி நெத்திலி அளவுக்கு, நெத்திலி நிறத்துக்கு வந்துவிடுகிறது.

நடுக்கடல்_பெரியவர்:

சரியாகச் சொன்னாய் அம்மா. இதைத்தான் நாங்கள் "என்ன தின்கிறதோ அதைக் காட்டு" என்போம். கவலை மீன் ஓடுகிற நாளில் கொஞ்சம் பெரிய இறகு. கோலா மீன் பறக்கிற ஆழ்கடலுக்குப் போனால் அப்போது எடுங்கள் உங்கள் பெரிய லூரை, கேரைக்கு அது சரி.

மணலி_மீன்காரன்:

அப்படியானால் என்ன வாங்குவது? என்னிடம் ஒரு நடுத்தர ஸ்பின்னிங் ராட், 5000 அளவு ரீல் இருக்கிறது. புதிதாகச் செலவு செய்யும் நிலை இல்லை.

ராயபுரம்_டூ_ஓரிகன்:

அதுவே போதும். 30 பவுண்டு பிரெய்ட் (பின்னல் நரம்பு) 250 மீட்டராவது சுற்றுங்கள், ஏனென்றால் மூன்று கிலோ சூரைகூட முதல் ஓட்டத்தில் நூறு மீட்டர் எடுத்துவிடும். முன்னால் 30 அல்லது 40 பவுண்டு ஃப்ளூரோகார்பன் லீடர் (லூருக்கு முன்னால் கட்டும் தெளிவான நரம்பு) ஒன்றரை மீட்டர். தெளிந்த தண்ணீரில் சூரையின் கண் கூர்மை, தடித்த நரம்பைப் பார்த்தே விலகும். வஞ்சிரம் கலந்து நிற்கிற நாளில் அதன் பல்லில் லீடர் அறுபடும், அதற்குப் பயந்து எஃகுக் கம்பி போட்டால் சூரை வராது. நான் அறுபடுவதை ஏற்றுக்கொள்வேன்.

ரீலிலிருந்து நரம்பு ஓடும் இறுக்கத்தை வைக்கிற டிராக்கைக் கையால் மட்டும் இழுத்துப் பார்த்து விட்டுவிடாதீர்கள், தராசு வைத்து இழுங்கள். லைன் அறுபடும் பலத்தில் நாலில் ஒரு பங்கு. 30 பவுண்டுக்கு மூன்றரை கிலோ வந்தால் சரி. ஓடும் மீனை நிறுத்த டிராக்கைத் திருகினால் முள் கிழிந்து வரும், சூரையின் வாயோரம் அவ்வளவு மென்மை. கடைசியில் போட்டுக்கு நேர் கீழே வட்டம் போடும். அப்போது ராடைத் தூக்கித் தூக்கி இழுக்காமல், சின்னச் சின்னதாக உயர்த்தி இரண்டு சுற்று, உயர்த்தி இரண்டு சுற்று. வட்டத்தில் தலை உங்கள் பக்கம் திரும்பும்போது மட்டும் அது தூரம் கொடுக்கும்.

லூரைப் பொறுத்தவரை 20, 30, 40 கிராமில் வெள்ளி நிற மெட்டல் ஜிக் மூன்று. ஐந்தாறு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். மூன்று முனை முள்ளைக் கழற்றி ஒற்றை முள் மாட்டுங்கள். லூர் நேராக ஓடும், மீன் வாயில் நன்றாகப் பிடிக்கும், நாலு பேர் நெருங்கி நிற்கும் ஃபைபர் போட்டில் யார் கையிலும் ஏறாது. உங்கள் நண்பரின் மூன்று தையலுக்குப் பிறகு இதை நான் வற்புறுத்தியே சொல்கிறேன்.

எறியும் முறை: கூட்டத்தின் நடுவில் எறியாதீர்கள். அது நகரும் திசைக்கு முன்னால், ஓரத்தில் விழட்டும். இரண்டு வினாடி மூழ்கவிட்டு, ராட் நுனியைத் தண்ணீரை நோக்கித் தாழ்த்தி, கை வலிக்கும் வேகத்தில் சுற்றுங்கள். நம்மால் சூரையை விட வேகமாகச் சுற்ற முடியாது, அந்தக் கவலையே வேண்டாம். பின்னாலேயே வந்து திரும்பிப் போனால் அடுத்த எறிதலில் ஒரு கணம் நிறுத்துங்கள். அந்த நிறுத்தத்தில்தான் அடிக்கும்.

கூட்டம் முழுகிவிட்டால் அதே ஜிக்கை நேர் கீழே 20, 30 மீட்டர் விட்டு வேகமாக மேலே சுற்றுங்கள். எக்கோ சவுண்டர் (ஒலியால் ஆழமும் மீனும் காட்டும் கருவி) இருந்தால் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று தெரியும், இல்லாவிட்டால் பிரெய்ட்டின் நிறம் மாறுவதை எண்ணிக்கொள்ளுங்கள். பத்து மீட்டருக்கு ஒரு நிறம் வருகிற பிரெய்ட் இதற்குத்தான்.

வடக்கு_முகத்துவாரம்:

ட்ரோலிங்கில் ஒரு சின்ன விஷயம் சேர்க்கிறேன். போட் வளையும்போது கவனியுங்கள். உள்பக்க லூர் வேகம் குறைந்து கொஞ்சம் மூழ்கும், வெளிப்பக்க லூர் வேகம் கூடும். வளைவில் அடி விழுந்தால் எந்தப் பக்க லைன் என்று பாருங்கள். உள்பக்கம் என்றால் மீன் மெதுவாகக் கேட்கிறது, ஒரு நாட் குறைத்து நேராக ஓட்டுங்கள். கூட்டம் கண்ணில் படாத நாளில் நான் நேர்க்கோட்டில் போவதே இல்லை, பெரிய பெரிய எட்டாகத்தான் ஓட்டுவேன்.

எங்கே ஓட்டுவது என்று கேட்பவர்களுக்கு: ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள் படங்களில் கடல் வெப்பத்தையும் பாசிப் பச்சையத்தையும் பார்த்து, மீன் கூடும் வாய்ப்புள்ள இடங்களை இலவசமாக வெளியிடுகிறது. சென்னைக்கும் உண்டு. கிளம்புமுன் அதையும் காற்று அறிவிப்பையும் பாருங்கள். கடலில் போனபின் இரண்டு நிறத் தண்ணீர் சேரும் கோடு, நுரைவரி, மிதக்கும் மரம், அறுந்து மிதக்கும் வலை, இவற்றின் ஓரம். கப்பல்களுக்குக் கீழேயும் மீன் நிற்கும்தான், ஆனால் துறைமுகப் பாதைக்குள் போகாதீர்கள். காட்டுப்பள்ளி, காமராஜர் துறைமுகங்களின் வழியில் வரும் பெரிய கப்பல் உங்களுக்காகத் திரும்ப முடியாது.

நடுக்கடல்_பெரியவர்:

பிடிப்பதைப் பற்றியே எல்லாரும் பேசுகிறீர்கள். பிடித்த பிறகு என்ன செய்தீர்கள் தம்பி? அந்த ஒரு மீன் எதில் கிடந்தது?

எர்ணாவூர்_ராட்:

போட்டின் அடிப்பலகையில், ஈரச் சாக்குப் போட்டு. ஐஸ் எடுத்துப் போகவில்லை ஐயா.

நடுக்கடல்_பெரியவர்:

இதுதான் என் மனக்குறை. சென்னையில் சூரை என்றால் "கறுப்புக் கறி, நாறும், அரிக்கும்" என்பார்கள். வஞ்சிரத்துக்குப் போட்டி போட்டு வாங்குகிறவர்கள் சூரையைத் தாண்டிப் போவார்கள். மீனின் குற்றம் அல்ல அது, வெயிலில் போட்டு எடுத்து வந்த நம் குற்றம். இப்போது திருவொற்றியூர் குப்பத்தில் சூரைக்கென்றே துறைமுகம் கட்டியிருக்கிறார்கள். வடசென்னைக்கு அது பெரிய காரியம். அந்தப் பெயரைக் காப்பாற்றுகிற மாதிரி மீனைக் கரைக்குக் கொண்டுவர வேண்டும் அல்லவா?

பொன்னேரி_மீனியல்:

பெரியவர் சொல்லும் "அரிக்கும்" என்பதற்குக் காரணம் இருக்கிறது. சூரையின் உடல் கடல்நீரை விடச் சூடானது. ரத்தக் குழாய்களின் அமைப்பு அந்தச் சூட்டை உள்ளேயே தேக்கி வைக்கும், போராடிய மீனில் அது இன்னும் கூடும். செத்த பிறகு குளிர்விக்காவிட்டால் சதையிலுள்ள ஹிஸ்டிடின் என்ற பொருள் கிருமிகளால் ஹிஸ்டமின் என்ற, அரிப்பைத் தரும் பொருளாக மாறும். அது உருவான பிறகு கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் போகாது. முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்கும். பலரும் சூரை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்வது இதுதான்.

செய்ய வேண்டியது நாலு நிமிட வேலை. மீன் மேலே வந்ததும் தலையில் ஒரு அடி. கண்ணுக்குச் சற்று மேலே, பின்னால் இருக்கும் மெத்தென்ற இடத்தில் கூர்முனையால் குத்தினால் உடனே அடங்கும், துள்ளிச் சூடேறாது. அப்புறம் முன்பக்கத் துடுப்பை உடலோடு மடக்கி, அதன் அடியிலிருந்து இரண்டு மூன்று விரல் பின்னால் இரண்டு பக்கமும் ஆழமில்லாத ஒரு வெட்டு. ரத்தக் குழாய் அங்கே தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. செவுளையும் வெட்டி, தலைகீழாகக் கடல்நீரில் பிடித்தால் ரத்தம் வடியும். குடலை எடுத்துவிட்டு, ஐஸும் கடல்நீரும் கலந்த கூழில் முழுக முழுகப் போடுங்கள். வெறும் ஐஸ் கட்டியின் மேல் வைப்பதை விட இது பல மடங்கு வேகமாகக் குளிர்விக்கும், கடல்நீர் பூஜ்யத்துக்கும் கீழே போகுமே.

மணலி_மீன்காரன்:

நாலு பேருக்கு எவ்வளவு ஐஸ்?

வடக்கு_முகத்துவாரம்:

மீன் எடைக்குச் சரிசமமாக வைத்துக்கொள்ளுங்கள். 20 கிலோ எடுத்துப் போனால் காலை நேரப் பயணத்துக்குப் போதும். மிஞ்சினால் குடிக்கிற தண்ணீருக்கு ஆகும்.

எர்ணாவூர்_ராட்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நேற்று போனோம்.

இந்தத் தடவை லூர்ப் பெட்டி பாதி காலி. 30 கிராம் வெள்ளி ஜிக் நாலு, ஒற்றை முள் மாட்டி. போட் அண்ணனிடம் கேட்டு நானே கட்டிய இறகு முள் ஆறு. அதில் இரண்டு தண்ணீரில் போட்டதும் இறகு பிரிந்துவிட்டது, நூலை இன்னும் இறுக்கிச் சுற்ற வேண்டும் என்று அண்ணன் காட்டினார். 20 கிலோ ஐஸ். ஆளுக்கு ஒரு உயிர்காப்புச் சட்டை.

ஏழு மணி வரை ஒன்றும் இல்லை. பிறகு தெற்கே ஆலா தெரிந்தது. இந்தத் தடவை இன்ஜினைக் குறைத்து, பெரிய வட்டமாக அதன் முன்னால் போய் நின்றோம். கூட்டம் எங்களை நோக்கி வந்தது. தண்ணீரில் மழை விழுகிற மாதிரி நெத்திலி துள்ளியது, அதன் பின்னால் முதுகுகள் பச்சையும் நீலமுமாக உருண்டன. இப்படிக் கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை. முதல் எறிதல் அவசரத்தில் நடுவில் விழுந்தது, ஒன்றும் இல்லை. இரண்டாவதை ஓரத்தில் போட்டேன். எட்டுச் சுற்றுக்கூட இருக்காது, ராட் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போவது போல ஓர் அடி. ரீல் அழுதுகொண்டே இருந்தது. பிரெய்ட்டில் ஏழு நிறம் போன பிறகுதான் நின்றது.

மூன்றே கால் கிலோ. நான் இழுத்துக்கொண்டிருக்கும்போதே நண்பர், அதே தையல் போட்ட கையால், ஜிக்கைக் கீழே விட்டு இன்னொன்று எடுத்தார். கூட்டம் முழுகியதும் இறகு முள்ளை ஆறு நாட் வேகத்தில் இழுத்தோம், நுரைக்குள் விட்ட கிட்ட லைனில் ஒன்று. மொத்தம் மூன்று சூரை, எல்லாம் புள்ளி போட்டவை. நாலாவது லீடரோடு போனது, வெட்டு கத்தி மாதிரி சுத்தமாக இருந்தது. வஞ்சிரமாகத்தான் இருக்க வேண்டும்.

மேடம் சொன்னபடி வெட்டி, ரத்தம் வடித்து, ஐஸ் கூழில் போட்டோம். வீட்டில் அறுத்தபோது கறி கறுப்பாக இல்லை, மாதுளம் தோல் நிறம். அம்மா மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து உதிர்த்து, வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய் போட்டுப் புட்டு செய்தார். சூரை வேண்டாம் என்று எப்போதும் சொல்கிற தங்கை இரண்டாவது முறை கேட்டு வாங்கினாள்.

அடுத்த ஞாயிறு ஒரு இடம் காலி. காலை நாலு மணிக்கு நெட்டுக்குப்பம் கரையில் இருக்க வேண்டும். உயிர்காப்புச் சட்டை சொந்தமாக இருப்பவர்கள் சொல்லுங்கள்.

மணலி_மீன்காரன்:

சட்டை இருக்கிறது ப்ரோ. ஐஸ் நான் எடுத்து வருகிறேன்.

நடுக்கடல்_பெரியவர்:

இறகு கட்டும்போது நூலுக்கு மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு வையுங்கள் தம்பி. அப்புறம் பிரியாது.